மிச்சம் பூஜ்யம்

டாக்டர் சிவசுப்பிரமணியம் திட்டுவதற்கு மட்டும்தான் தமிழுக்கு வருவார். மற்றபடி ஆங்கிலம். அன்றைக்கு அவருடைய ஆராய்ச்சி மாணவன் லாசரஸ் அறைக்குள் நுழைந்ததுமே தமிழ்.

“சீனப் புத்தாண்டு லீவில கம்ப்யூட்டர் ஓட்டினனீரோ? ஆரைக் கேட்டு?”

“க்யூவில வேற யாரோட வேலையும் இல்ல சார்.” லாசரஸ் தாளை மேசையில் போட்டான்.

வெளியைச் சின்னக் கட்டங்களாக வெட்டிய ஒரு பெட்டி. கணினிக்குள் மட்டும் இருக்கும் பெட்டி. அதில் மூன்று துகள்களை அடைத்து மொத்த ஆற்றலைக் கணக்கிட வேண்டும். ஜோடி ஜோடியாக அவை தள்ளிக்கொள்வதால் வருவதைக் கழித்துவிட்டால், மூன்றும் சேர்ந்தால் மட்டும் பிறக்கிற விசை மிஞ்சும். அப்படி ஒன்று மிஞ்சிவிட்டதென்று சார் ஜப்பானில் இதே துறை ஆராய்ச்சியாளர் ஒருவர்வரை சொல்லி வைத்திருந்தார். அவருக்கு வரவேண்டிய பேராசிரியர் பதவி அதை நம்பி இருந்தது. லாசரஸின் டாக்டர் பட்டமும்தான்.

ஜோடிக் கணக்கு சார் முன்பே பெரிய பெட்டியில் போட்டு வெளியிட்டது. மூன்று துகளுக்கு மெஷின் நேரம் அதிகம் பிடிக்கும் என்று லாசரஸுக்குச் சின்னப் பெட்டி. “ஜோடியைத் திரும்ப ஓட்டி நேரத்தைக் கரைக்காதையும். என்ர நம்பரை வச்சுக் கழியும்” என்றார். அவனும் கழித்தான். பெட்டி சின்னதானால் நெருக்கம் கூடும், தள்ளுமுள்ளும் கூடும். அந்த நெருக்கத்தைத்தான் இரண்டு பேரும் புது விசை என்று கொண்டாடியிருந்தார்கள்.

“ரெண்டையும் ஒரே பெட்டியில ஓட்டிப் பார்த்தேன் சார். மிச்சம் பூஜ்யம்.”

அவர் தாளைத் தொடவில்லை. “வெள்ளிக்கிழமை ஜப்பான்காரர் வாறார். கருத்தரங்கில நீர்தான் பேசுறீர். புது விசை தெரியிற பழைய படத்தை வையும். திங்கள் தீசிஸில கையெழுத்து வைக்கிறன். இல்லாட்டி கொப்பரோட கப்பல் பட்டறைக்குப் போய்த் துருச் சுரண்டும்.”

“எங்கப்பாவ இழுக்காதீங்க சார். அங்க துரு மேலயே பெயிண்ட் அடிச்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க.”

“வாய்! உங்கட ஆக்களுக்கு வாய் மட்டும் நீளம். வெளியில போம்.”

லாசரஸ் போனான். பேசிவிட்டானே தவிர, வெள்ளிக்கிழமை பழைய படத்தை வைப்பதென்றுதான் முடிவு செய்திருந்தான். அப்பா மாதா கோயிலில் எல்லாரிடமும் மகன் டாக்டராகப் போகிறான் என்று சொல்லித் திரிந்தார். பூஜ்யத்தைக் காட்டி அவர் வாயை எப்படி அடைப்பது? ஆனாலும் இரண்டு படங்களையும் கோப்பில் வைத்துத்தான் எடுத்துப் போனான்.

கருத்தரங்கு அறை நிறைந்திருந்தது. சார் எழுந்து அறிமுகம் செய்தார், சிரித்துக்கொண்டே, ஆங்கிலத்தில். யோசனை முழுக்கத் தன்னுடையது. இந்தப் பையன் புரோகிராமை ஓட்டினவன். கப்பல் பட்டறைத் தொழிலாளியின் மகன், கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டேன்.

நாலு பேர் சிரித்தார்கள். ஜப்பான்காரர் தலையாட்டினார்.

லாசரஸ் பழைய படத்தைக் கோப்பிலேயே விட்டுவிட்டுப் புதியதை எடுத்துப் புரொஜெக்டர் விளக்கின்மேல் வைத்தான். முதலில் சாரின் நம்பரையும் அந்தப் பெட்டியின் அளவையும் காட்டினான். அடுத்து தன் பெட்டியின் அளவு. “இரண்டும் வேறு வேறு. ஒரே பெட்டியில் போட்டால் மிச்சம் இது” என்று பூஜ்யத்தின்மேல் குச்சியை வைத்தான். ஜப்பான்காரர் இந்த எண் எவ்வளவு முன்னே பின்னே போகலாம் என்று கேட்டார். சொன்னான். அவர் சார் பக்கம் திரும்பி, இது எப்போது தெரிந்தது என்றார். சார் தண்ணீர் குடித்தார்.

முடிந்ததும் மாடிப்படியில் சார் அவனை மறித்தார்.

“இனி இந்தக் கட்டடத்தில ஒருத்தரும் உம்மை எடுக்க மாட்டினம். நான் பார்த்துக்கொள்ளுறன். இப்ப உமக்கு என்ன கிடைச்சுது?”

“ஒண்ணும் கிடைக்கல சார். உங்களுக்கும் கிடைக்கல. எனக்கு அது போதும்.”

போதாது என்பது பஸ் வீடிருக்கும் புக்கிட் பாத்தோக் வருவதற்குள் தெரிந்துவிட்டது. அப்பா வீட்டில்தான் இருந்தார்.

“கையெழுத்துப் போட்டாரா?”

“போடல. இனிமே போடவும் மாட்டாரு.”

“என்னடா செஞ்ச?”

“கணக்கு தப்புன்னு எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன்.”

“நீ போட்ட கணக்கா?”

“ரெண்டு பேரும் போட்டது.”

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். “முட்டாப்பய” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு மாலைப் பூசைக்குத் தனியாகக் கிளம்பினார்.