சொந்தப் பெட்டிக்கு எடை சொல்லாதவள்

1

எழுபத்தெட்டு சதவீதம்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள் ஆஸ்லின். மண்டபம் மீன் ஏலக்கூடத்தின் தரை முழுக்க ஐஸ் கரைந்த தண்ணீர். நண்டுப் பெட்டியைத் தாண்டினாள். தராசைத் தாண்டினாள். "ஏத்தா, பாத்து!" என்று யாரோ கத்தினார்கள். எண்பத்தைந்து. எதிரே ஜாபர் சாதிக்கின் செல்போன் கடை. அந்தக் கடை வைஃபையில்தான் அவளுடைய வீடியோ யூட்யூபில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே பாய்ந்தாள். தொண்ணூற்றொன்று. மேஜையில் கிடந்த போனைப் பிடுங்கி...

நிறுத்துகிறேன். இது பொய்.

(போன் கடையில் கிடக்க, ஓடுகிறவளுக்குச் சதவீதம் எப்படித் தெரிந்தது என்று கேட்டவர், ஏதாவது ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.)

அவள் ஓடவில்லை. கடை ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டைவிரலால் அமைதியாக 'ரத்து' என்பதை அழுத்தினாள். அழுத்தும்போது கண்ணில் நீர் நின்றது. எதிரே நான் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தேன். கடலுக்கடியில் தங்கக் கட்டி கிடப்பதாக எட்டு வாரத் தொடர் ஒன்று எழுத மண்டபம் வந்தவன் நான். அந்த ஒரு விரலைப் பார்த்ததும் தங்கத்தைக் கடலிலேயே போட்டுவிட்டேன். இந்தக் கதை பிறந்த விதம் அவ்வளவுதான்.

2

ஆஸ்லினுக்கு முப்பத்து மூன்று வயது. ஏலக்கூடத்தில் தராசுக்காரி. பெட்டி தராசில் ஏறுவதற்கு முன்பே கண்ணால் பார்த்து எடை சொல்லிவிடுவாள். கால் கிலோ கூடாது, குறையாது.

அதே கண்ணை வைத்துத்தான் சண்டையும் சொல்வாள். எம்.எம்.ஏ. என்கிறார்களே, கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டு, குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப் பூட்டு எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுக்கும் விளையாட்டு, அது. அமெரிக்காவில் சனி ராத்திரி நடப்பது நமக்கு ஞாயிறு காலை. அதற்காகவே ஆஸ்லின் ஆறு மணி முதல் பூசைக்குப் போய்விடுவாள். பங்குச் சாமியார் இதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சண்டைக்கு முந்தின நாள் வீரர்களை எடை பார்ப்பார்கள். அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, யார் ஜெயிப்பார் என்று தன் சேனலில் சொல்வாள். கடைசியாகச் சொன்ன பதினொன்றும் பலித்திருக்கிறது.

"நான் பழைய ரெக்கார்டு பூராத்தையும் பாத்து, நாலு மணி நேரம் யோசிச்சு ஒரு ஆளச் சொல்லுவேன் சார்," என்றார் ஜாபர் சாதிக். "இது எடை மிஷினுக்கு நடந்து போற காலை மட்டும் பாத்துட்டு இன்னொருத்தனச் சொல்லும். என் ஆள் ரெண்டாவது நிமிஷம் மல்லாந்துருவான்."

"அண்ணே, நீங்க ரெக்கார்டு பாத்தா எடுத்தீக? எவன் தலைமுடிய நல்லா வெட்டிருக்கானோ அவனத்தான எடுத்தீக?" என்றாள் ஆஸ்லின்.

ஜாபர் சாதிக் தலையைத் தடவிக்கொண்டார். அங்கே தடவ அதிகம் இல்லை.

3

இந்த ஞாயிறு சண்டை அமெரிக்காவில் இல்லை. மதுரையில், மாலை நாலு மணிக்கு. ஒரு பக்கம் ஹரியானாவில் மல்யுத்தம் பழகிய பெண். மறுபக்கம் பிரெசில்லா, இருபத்து நான்கு வயது, நர்ஸ் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக ஜிம்மே கதியென்று கிடப்பவள். இது அவளுக்கு முதல் பெரிய சண்டை.

ஆஸ்லினின் கூடப் பிறந்த தங்கை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சொல்லுற. எனக்குச் சொல்ல மாட்டியா?"

"சாப்ட்டியா?"

"நாளைக்கு எடை பாக்குறாங்கக்கா. தண்ணி கூட குடிக்கல. சாப்ட்டியான்னு கேக்குற."

"சரி, குளிச்சியா?"

"ஆஸ்லின்."

பிரெசில்லா பேர் சொல்லிக் கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது என்று அர்த்தம்.

"உன் கணிப்பக் கேட்டுட்டுத்தான் கூண்டுக்குள்ள போவேன். தோப்பேன்னாலும் சொல்லு, தெரிஞ்சுக்கிட்டுப் போறேன். நீ ஒண்ணுமே சொல்லலேன்னாதான் எனக்குக் கால் ஓடாது."

சனிக்கிழமை காலை எடை பார்த்த வீடியோ வந்தது. ஆஸ்லின் ஏழு தடவை பார்த்தாள். பிறகு ஏலக்கூடத்துக்குப் பின்னால் நின்று தன் கணிப்பைப் பதிவு செய்தாள். கடைக்கு வந்து ஏற்றினாள். தொண்ணூற்றொரு சதவீதத்தில் ரத்து செய்தாள். நாம் உள்ளே நுழைந்த இடம் அதுதான்.

4

(இந்தப் பகுதியில் வில்லன் வரவேண்டும். எனக்குப் பழக்கம் அப்படி.)

மதுரையிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட கார் வந்து நின்றது. இறங்கியவர் பெயர் செல்லச்சாமி. பந்தயம் கட்டுகிறவர்களின் தலைவர். "உன் தங்கச்சி தோப்பான்னு சேனல்ல சொல்லிரு. இல்லேன்னா..."

இல்லையென்றால் என்ன? இரண்டு டீ குடித்து யோசித்தேன். செல்லச்சாமிக்கும் தெரியவில்லை. ஆஸ்லினிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன்.

"பந்தயம்னு எவனாவது கமெண்ட் போட்டாலே பிளாக் பண்ணிருவேன் சார். இவரையும் பண்ணிருங்க."

பண்ணிவிட்டேன். கார் மட்டும் நன்றாக இருந்தது. வேறு கதைக்கு ஆகும்.

5

"ஏத்துனதை எதுக்கு நிறுத்துன?" என்று ஜாபர் சாதிக் கேட்டார்.

"சொந்தப் பெட்டிண்ணே."

அவர் தலையாட்டினார். எனக்குப் புரியவில்லை என்பதைப் பார்த்து விளக்கியது அவர்தான். இந்த ஏலக்கூடத்தில் ஒரு வழக்கம். தராசுக்காரியின் சொந்த வீட்டு வள்ளத்தில் பிடித்த மீன் வந்தால் அவள் வாயைத் திறக்கக் கூடாது. அந்த வள்ளத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற ஓர் ஆளைக் கூப்பிட்டு எடை சொல்லச் சொல்வார்கள். அவர் வாயில் வந்த எடையிலிருந்துதான் ஏலம் ஆரம்பிக்கும்.*

* திருட்டுத்தனம் நடக்காமல் இருக்க என்று நானாகவே புரிந்துகொண்டேன். இதை நினைவில் வையுங்கள்.

"அப்ப நீங்க சொல்லுங்களேன் சாதிக்," என்றேன்.

"நான் தூக்கி வளத்த புள்ள சார் அது. என் வாயும் செல்லாது."

இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கு இந்தச் சண்டையைப் பற்றி ஒன்றுமே தெரியாதே அம்மா!"

"அதான் சார் வேணும்," என்றாள் ஆஸ்லின். "கதை எழுதுறவங்கதான? அடுத்து என்ன நடக்கும்னு எழுதுறது உங்களுக்குப் புதுசா?"

இப்படிக் குத்திய பிறகு ஓர் எழுத்தாளன் என்ன செய்வான்? எடை பார்த்த வீடியோவை என்னிடம் காட்டினார்கள். இரண்டு பெண்கள் நடந்தார்கள். இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு கால்கள் இருந்தன. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஏலக்கூடத்து எடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதி, மடித்து, டேப் ஒட்டிக் கொடுத்தேன். ஜாபர் சாதிக் அதைக் கண்ணாடி அலமாரியில் இயர்போன்களுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். சண்டை முடிந்த பிறகு பிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை பிரெசில்லா ஸ்பீக்கரில் வந்தாள். ஆஸ்லின் சீட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"எழுதுனது யாருக்கா?"

"ஒரு கதைக்காரரு."

"சண்டை தெரியுமா அவருக்கு?"

"எது தலை எது வாலுன்னு கூடத் தெரியாது."

அந்தப் பக்கம் சிரிப்பு. "அப்ப சரி. கூடத்து வழக்கம்னா வழக்கம். நாலு மணிக்கு என் பேர் கூப்பிடுறதுக்கு முன்னாடி சாதிக் அண்ணன் வாசிக்கட்டும். கேட்டுட்டு உள்ள போறேன்."

முன்னாடி.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அலமாரிப் பூட்டைப் பார்த்தேன். சாவி ஜாபர் சாதிக்கின் சட்டைப் பையில் இருந்தது.

6

இப்போது ஞாயிறு, மூன்று இருபது. ஐந்து மணிக்குள் கதை வேண்டும் என்கிறார் ஆசிரியர். ரயிலை விட்டுவிட்டேன். ஜாபர் சாதிக்கின் கடையில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். மதுரையில் நடக்கப்போவது உங்களைப் போலவே எனக்கும் தெரியாது. முடிவுகள் கைவசம் இருக்கின்றன:

அ) பிரெசில்லா ஜெயிக்கிறாள். பாம்பன் பாலம் வரை வெடி.

ஆ) தோற்கிறாள். அக்கா மதுரைக்கு பஸ் ஏறுகிறாள். ஜன்னல் ஓரம். மழை. (ராமநாதபுரம் மாவட்டத்தில் மழையா என்று ஆசிரியர் கேட்பார். மழையை எடுத்துவிடலாம்.)

இ) மூன்றாவது ரவுண்டில் கரண்ட் போகிறது. இது சோம்பேறியின் முடிவு. இதற்கு முன் நான்கு தடவை பயன்படுத்தியிருக்கிறேன்.

எதுவும் ஒட்டவில்லை. காரணம் எனக்குத் தெரிந்தே இருந்தது. கதையின் நடுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. ரத்து செய்த வீடியோவில் அவள் என்ன சொன்னாள்? நான் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? கண்ணீரைத்தான் பார்த்தேனே.

7

மூன்று ஐம்பது. ஆஸ்லின் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீடியோவை எனக்குக் காட்டுவீங்களா?"

"எதுக்கு சார்?"

"கதைக்கு."

"கதைக்குன்னா எல்லாத்தையும் கேப்பீகளோ?" என்று சொல்லிக்கொண்டே போனை நீட்டினாள்.

திரையில் ஏலக்கூடத்துச் சுவர். அவள் முகம். கண் நிறைய நீர், வாய் நிறையச் சிரிப்பு. "வணக்கம், நான் ஆஸ்லின். எங்க பிரெசில்லா நடக்குறதப் பாருங்க. ஆடுற வள்ளத்துல நிக்கிற மாதிரி பாதத்த அகட்டி வைக்கிறா. இவள எவளும் கீழ சாய்க்க முடியாது. ரெண்டாவது ரவுண்டு. பிரெசில்லா ஜெயிப்பா."

போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஜெயிப்பான்னு வந்ததையா ரத்து பண்ணினீங்க?"

"தோப்பான்னு வந்திருந்தா யோசிக்காம ஏத்திருப்பேன் சார். அப்பக் கண்ணு சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஜெயிப்பான்னு வந்துச்சு. பாத்தது கண்ணா, ஆசையான்னு எனக்கே தெரியல. சொந்தப் பெட்டி எப்பவும் கண்ணுக்குக் கூடுதலாத்தான் தெரியும். அதுக்குத்தான அந்த வழக்கமே."

மூன்று ஐம்பத்தாறு. போன் அடித்தது. "அக்கா, பேர் கூப்பிடப் போறாங்க. வாசிக்கச் சொல்லு." ஜாபர் சாதிக் அலமாரியைத் திறந்தார். டேப்பில் நகத்தை வைத்தார். ஆஸ்லின் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கடைசி நிமிடத்தில் பெட்டியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்ட நிம்மதி அந்தச் சிரிப்பில்.

நான் கையை நீட்டித் தடுக்கலாம். வழக்கத்தை மதித்துச் சும்மா இருக்கலாம். எதைச் செய்தேன் என்று எழுதப்போவதில்லை. அந்த நான்கு நிமிடத்தை உங்களிடம் தருகிறேன், என் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆனால் உட்காருமுன் ஒன்று தெரிய வேண்டும். சனிக்கிழமை அந்தச் சீட்டில் நான் எழுதியது எடை வீடியோவைப் பார்த்து அல்ல. ஆஸ்லினின் கண்ணீரைப் பார்த்து.

சீட்டில் இருப்பது ஒரே சொல்: தோற்பாள்.