எறிகிற பால்

வெள்ளைத் துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தாள் நஜ்முன் நிஸா. கிழித்த பட்டையைக் கூடப்பிறந்த நானாவின் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். வாய் மூடிக்கொண்டது. இரண்டு மாதமாக அந்த வாய்க்குள் கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊற்றியவள் அவள். கடைசி நான்கு நாளும் வெறும் தண்ணீர்தான். அதிலும் பாதி கன்னத்தில் வழிந்துவிடும்.

"எப்ப?" என்று வாசலில் நின்று கேட்டார் அவள் புருசன் சரீப்.

"விடியச் சுபஹு பாங்கு சொல்லக்குள்ள. நான் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தன்."

சரீப் சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார். பள்ளிவாசலுக்குச் சொல்லவேண்டும். தபால் கந்தோர் திறந்ததும் கண்டிக்குக் கோல் எடுக்கவேண்டும். அங்கே பல்கலைக்கழகத்தில் தன்னோடு பதினைந்து வருடம் வேலைசெய்த சோமசேகரத்துக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நானாவே சொல்லி வைத்திருந்தார்.

"பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் எண்டு சொல்லுங்க," என்றாள் நிஸா. "அவரு வந்து சேரட்டும்."

நானா, ஊருக்கு டொக்டர் ஸைனுலாப்தீன், திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றிய ஒருவரின் மகன். மருத்துவம் படித்தும் நோயாளி பார்க்காதவர். அதை ஊர் கடைசிவரை மன்னிக்கவில்லை. காய்ச்சலென்று யாரும் வந்தால், "நான் அந்த டொக்டர் இல்ல" என்று கூச்சத்தோடு சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். இங்கிலாந்தில் நாலு வருடம் ஆராய்ச்சி செய்தார். அங்கேயே இருக்கச் சொன்னார்களாம். வந்துவிட்டார். கலியாணம் முடிக்கவில்லை.

வருடத்தில் இரண்டு தடவை ஐஸ் பெட்டியும் சின்னச் சின்னப் போத்தல்களுமாகத் தங்கச்சி நிஸா வீட்டுக்கு வருவார். பிள்ளை பிறந்த வீடுகளைத் தேடி இருவரும் போவார்கள், மூதூருக்கு லோஞ்ச் படகிலும் குச்சவெளிக்கு பஸ்ஸிலும். ஆம்பிளை போய்க் கேட்டால் எந்தத் தாய் பால் பீய்ச்சித் தருவாள்? நானா வேலிக்கு வெளியே நிற்பார். நிஸாதான் உள்ளே போவாள். பிள்ளை பிறந்து மூன்று நாளுக்குள் சுரக்கிற மஞ்சள் பால்தான் அவருக்கு வேண்டும்.

ஒருநாள் அவள் கேட்டாள்: "ஏன் நானா, இது கூடாத பால்தானே? எல்லாரும் எறியிறது."

நானா போத்தலில் பெயர்த்துண்டை ஒட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எறியிறதத்தானே கேக்கலாம் புள்ள. புள்ளைக்குரியதக் கேக்க ஏலுமா?"

அது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு சோமசேகரம் வந்து சேர்ந்தார். கந்தளாயில் பஸ் பழுதாகி, லொறியொன்றில் ஏறி வந்திருந்தார். புருவத்தில்கூடப் புழுதி. மையித்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுதார். குளிப்பாட்ட ஆட்கள் வந்துவிட்டதால், சரீப் அவரைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் கதிரையில் இருத்தினார். பக்கத்து வீட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்தபடி நிஸா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கள்தானே அக்கா போத்தல் சேத்துக் குடுத்தனீங்கள்? தாயின்ர பேர், திகதி எல்லாம் உங்கட எழுத்துத்தான். அந்த எழுத்து எனக்கு நல்ல பழக்கம்."

"அத வெச்சி என்ன செஞ்சீங்க?"

சோமசேகரம் நிமிர்ந்து பார்த்தார். "எங்கட சேர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"சோதினைக்கு எண்டு மட்டும் சொன்னாரு."

செத்த வீட்டில் கதைக்க ஒன்று கிடைத்துவிட்ட ஆறுதல் அவர் முகத்தில் தெரிந்தது.

"இரத்தத்தில நோயைத் தடுக்கிற காவல் ஒண்டு இருக்கக்கா. அது எல்லாருக்கும் தெரியும். சேர் பாத்தது வேற காவல். வாய், மூக்கு, குடல் எண்டு ஈரமான தோல் இருக்கிற இடமெல்லாம் அது நிக்கும், ஒரு பூச்சு மாதிரி. கிருமியை ஒட்டவிடாது. பிறக்கிற பிள்ளைக்கு அது இல்லை. தாய்தான் குடுக்கவேணும். எதில குடுக்கிறா? அந்த மஞ்சள் பாலில."

நிஸா தேத்தண்ணியை நீட்டினாள். சோமசேகரம் வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"எழுபதாம் ஆண்டு கரண்ட் நிண்டு, மூண்டு வருசமாச் சேத்ததெல்லாம் பழுதாப் போச்சு. அதுக்குள்ள வெளிநாட்டில வேற ஆக்கள் எழுதிப் போட்டினம். சேர் ஒரு வார்த்தை சொல்லேல்லை. 'திரும்பச் சேப்பம் சோமசேகரம், எங்கட தாய்மாருக்கு எங்கட ஊர்ப் பாலைத்தான் காட்டவேணும்' எண்டார்."

"நானா ஏன் இதுக்குள்ள போனாரு?"

"ஒருக்காத்தான் சொன்னவர். அவர் மாணவனா இருக்கேக்க அவரின்ர குடும்பத்தில ஒரு பிள்ளை வயித்தோட்டத்தில செத்துப் போனதாம். இருபத்திரண்டு நாள் பிள்ளை. ஆரின்ர பிள்ளையெண்டு சொல்லேல்லை."

குளிப்பாட்டும் இடத்திலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு. நிஸாவுக்குப் பத்தொன்பது வயது. மகனுக்கு அன்ஸார் என்று பெயர் வைத்திருந்தார்கள். மார்பு கட்டி வலித்தபோது, அந்தப் பால் பிள்ளைக்கு ஆகாது என்று மருத்துவிச்சி சிரட்டையில் பீய்ச்சி எடுத்தாள். அதை எறிந்தது சரீப். புதுத் தகப்பனுக்குரிய கவனத்தோடு, காலில் மிதிபடாத இடம் பார்த்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததும் அவர்தான். கொழும்பிலிருந்து நானா வந்தபோது பிள்ளையின் அடக்கம் முடிந்து ஒரு நாளாகிவிட்டது. முதல் மூன்று நாளும் பிள்ளைக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டார். சொன்னாள். பிறகு பிறந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் அதே சீனித் தண்ணீர்தான். அவர்கள் தப்பினார்கள்.

"அந்தப் பாலக் குடிச்சிருந்தா," என்றாள் நிஸா, "அந்தப் புள்ள இருந்திருக்குமா?"

"அப்பிடி ஒரு பிள்ளையைக் காட்டிச் சொல்ல ஏலாதக்கா. குடியாததுகளும் தப்புதுதானே. ஆனா தண்ணி கூடாத இடத்தில..." சோமசேகரம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இத நானா ஒருத்தருக்கும் சொல்லல்லையா?"

"ஐயோ, சொல்லாமலோ? பால் தந்த எல்லாத் தாய்க்கும் சொன்னவர். 'எனக்குத் தந்தது போதும், மிச்சத்தைப் பிள்ளைக்குக் குடுங்கோ, எறியாதீங்கோ' எண்டு. வீட்டுக்கு வீடு சொன்னவர்."

நிஸாவுக்கு ஒவ்வொரு வீடாக நினைவில் வந்தது. போத்தலை வாங்கிப் பெட்டியில் வைத்ததும் நானா சொல்வார்: "நீ முன்னால நட புள்ள. நான் வாறன்." அவள் தெருமுனையில் வெயிலில் காத்து நிற்பாள். அவர் திரும்பிப் போய், வேலிப் படலைக்கு உள்ளே நின்று எதையோ சொல்லுவது தெரியும், கேட்காது. நன்றி சொல்கிறார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"என்னக்கா?"

"ஒண்டுமில்ல. தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

கபன் துணி சுற்றி முகத்தை மூடுமுன் அவளைக் கூப்பிட்டார்கள். காதருகே குனிந்தாள். பெண்கள் அழுகையை அடக்கிக்கொண்டு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள்.  கற்பூரம் மணத்த நெற்றியில் கையை வைத்து, எடுத்தாள். மையித்தைச் சுமந்த சந்தூக்கு வாசலைக் கடந்தபோது துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. கலிமாச் சத்தம் தெரு திரும்பும்வரை கேட்டது.

பொழுது சாயும் நேரத்தில் சரீப் திரும்பிவந்தார். சோமசேகரத்தைப் பஸ் ஏற்றிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தார். நிஸா தண்ணீர் அள்ளினாள்.

"அந்த மனிசன் உன்னோட கனநேரம் கதைச்சாரே. என்னவாம்?"

"நானாட வேலயப் பத்தி."

"நமக்கு அவரு ஒருநாளும் சொல்லல்லையே. என்ன வேலயாம் அது?"

அவள் புருசனைப் பார்த்தாள். மச்சானுக்கு மண் போட்ட கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு, பதிலுக்காக முகத்தை உயர்த்தியிருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"எனக்கு வெளங்கல்ல," என்றாள் நிஸா. "பெரிய படிப்பு. காலக் காட்டுங்க."

சரீப் காலை நீட்டினார். விரல்களுக்கிடையில் மையவாடியின் வெள்ளை மணல் ஒட்டியிருந்தது. அவள் வாளியைச் சரித்து, அது போகும்வரை மெதுவாக ஊற்றினாள்.