முன் இருக்கையின் எடை

கிளிஃப்டன் குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருந்தான். விமானங்களைச் சோதித்துச் சான்று எழுதித் தருவது முப்பது வருடமாக அவன் பிழைப்பு. ஆனால் இன்றைக்குக் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்ததில் நேர்மை கொஞ்சம் குறைச்சல். வாங்கப்போகிறவள் அவன் மனைவி லார்னா. "நீ வேணாம்னு சொன்னா நான் வாயே திறக்க மாட்டேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் லார்னா. வார இறுதியில் பறக்கும் கிளப்பின் விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவள் இறங்கி வரும்வரை கிளிஃப்டனுக்குக் காபிகூடத் தொண்டையில் இறங்காது. அவன் இதுவரை ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. ஆயிரம் விமானங்களின் வயிற்றைத் திறந்து பார்த்தவனுக்கு ஏறி உட்கார எப்படி மனசு வரும்? இதற்கு முன் அவள் ஆசைப்பட்ட இரண்டைத் தட்டிக் கழித்திருந்தான். முதலாவதில் துரு. அது நிஜம். இரண்டாவதில் வெறும் பெயிண்ட் உரிந்திருந்தது. அதை ஏதோ தீராத வியாதி மாதிரி சொல்லிவிட்டான், பாவி. அவள் நம்பிவிட்டாள். அது இன்னும் அவனை உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த மூன்றாவது, விஸ்கான்சினில் வெர்லின் ஹாகன் என்ற கிழவரின் வைக்கோல் கொட்டகையில் நின்றது. அவரே யோசித்து, அவரே பத்தொன்பது வருடம் உட்கார்ந்து செய்தது. உலகத்தில் இன்னொன்று கிடையாது. இன்ஜின் பின்னால், குட்டி இறக்கை மூக்கில், பெரிய இறக்கை எங்கேயோ பின்னால். ஒருவருக்குப் பின் ஒருவராக இரண்டு இருக்கைகள், ஓட்டுகிறவர் பின்னால். கதவுக் கைப்பிடி பழைய ஃபிரிட்ஜில் இருந்து கழற்றியது.

"என்ன பெரியவரே, இது ரிவர்ஸ்லதான் பறக்குமா?" என்றான் கிளிஃப்டன்.

"நீ எந்தப் பக்கம் நின்னு பாக்குறங்கிறதப் பொறுத்தது தம்பி" என்றார் வெர்லின்.

அவர் மனைவி ஐர்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். இடுப்பில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். அதிலிருந்து அவளால் விமானத்தில் ஏற முடியவில்லை. அவள் ஏறாததால் வெர்லினும் ஏறவில்லை. அதனால்தான் விற்கிறார்கள்.

நான்கு மணி நேரம் சல்லடை போட்டுச் சலித்தான் கிளிஃப்டன். ஒரு நாணயத்தை வைத்து இறக்கையை அங்குலம் அங்குலமாகத் தட்டினான். உள்ளே எங்காவது ஒட்டு விட்டிருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்கும். கேட்கவில்லை. முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். ஒன்றுகூட உடையவில்லை. இறக்கையை மூடி ஒட்டுவதற்கு முன் அதன் உள்பக்கத்தை எடுத்த படங்கள் ஆல்பம் ஆல்பமாக இருந்தன, ஒவ்வொன்றின் கீழும் ஐர்மாவின் கையெழுத்தில் தேதி. கிளிஃப்டனுக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு அழகாக ஒருத்தர் வேலை செய்தால் பிறத்தியார் என்னதான் செய்வது?

"இன்னும் எவ்ளோ நேரம் தட்டுவ? கதவத் தொறக்கச் சொல்லிக் கேக்குற மாதிரி இருக்கு" என்றாள் லார்னா.

"சும்மா இரு. இனிமே எடை பாக்கணும்."

மூன்று சக்கரங்களுக்கும் அடியில் மூன்று எடைக்கருவிகளை வைத்தான். லார்னாவைப் பின்னால் உட்காரச் சொன்னான். அவள் ஏறியதும் மூக்குச் சக்கரத்தின் எண்ணைப் பார்த்தான். ஒரு சிறுமியின் எடைகூட இல்லை. கணக்குப் போட்டான், மறுபடி போட்டான். இன்ஜின் பின்னால் இருப்பதால் பாரமெல்லாம் அங்கே. அவள் தனியாகக் கிளம்பினால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டே போகும், வால் கீழே இழுக்கும், பிறகு இறங்குவது விழுவதுதான்.

கிடைத்துவிட்டது காரணம். அதுவும் நிஜமான காரணம்.

"லார்னா, இதுல நீ தனியாப் போக முடியாது. முன்னாடி பாரம் பத்தல."

லார்னா இறங்கினாள். கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி மூக்கை ஒரு தடவை தடவினாள். "சரி. நீ சொன்னாச் சரி" என்றாள். கிளிஃப்டன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எடைக்கருவியின் எண்ணையே மறுபடி பார்த்தான்.

வெர்லின் தலையைச் சொறிந்தார். "தனியாவா? தனியா எதுக்கும்மா போகணும்? நான் போனதே இல்லையே."

"எப்படிப் போவாரு? முன்னாடி என்னை வச்சில்ல கணக்கே போட்டாரு" என்றாள் ஐர்மா. "புதுசா செஞ்ச விமானத்துல முதல் நாப்பது மணி நேரம் வேற யாரையும் ஏத்தக் கூடாதுன்னு சட்டம். என் இடத்துல தீவன மூட்டையக் கட்டி வச்சிட்டுப் பறந்தாரு. நாப்பது முடிஞ்ச அன்னைக்கே மூட்டைய உருட்டித் தள்ளிட்டு நான் ஏறிட்டேன். என் புருஷன்கூட என்ன கண்றாவிக்கு மூட்டை போகணும்?"

லார்னாவின் முகம் சட்டென்று நிமிர்ந்தது. "அப்ப மூட்டை வச்சாப் போதுமா? கிளிஃப்ட், அது சரி வருமா?"

சரி வரும். இறுக்கிக் கட்டினால் சட்டமும் ஒன்றும் சொல்லாது. வராது என்று சொன்னால் அவள் இப்போதும் நம்புவாள்; அதுதான் அவனைக் குத்தியது. இன்னொரு பெயிண்ட் கதையை இவளிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

"வரும்" என்றான். "நூத்தம்பது பவுண்டுக்குக் குறையாம முன்னாடி ஏதாவது இருந்தா, இதவிட நல்ல விமானத்த நான் பாத்ததில்ல. வாங்கிக்கோ."

லார்னா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெர்லின் மூக்கை உறிஞ்சிவிட்டு, தூசி என்று சொல்லிக்கொண்டார். "மூலையில தீவனம் இருக்கு, எடுத்துட்டு வரேன். எடை சரியா வருதான்னு பாத்துரலாம்."

"மூட்டை வேணாம்" என்றான் கிளிஃப்டன்.

லார்னாவைப் பின்னால் ஏறச் சொல்லிவிட்டு, முன் இருக்கையில் காலைத் தூக்கி வைத்தான். ஏறி உட்கார்ந்தான். இருக்கைப் பட்டையை மாட்டத் தெரியாமல் தடுமாறினான். நூற்றுக்கணக்கான பட்டைகளைச் சோதித்தவன்! ஐர்மாதான் ஊன்றுகோலோடு நடந்து வந்து மாட்டிவிட்டாள். வெர்லின் குனிந்து மூன்று எண்களையும் உரக்கப் படித்தார். லார்னா கணக்குப் போட்டாள்.

"அச்சு அசலா நடுவுல நிக்குது" என்றாள் லார்னா. "எடை பாத்தாச்சுல்ல, இறங்கு கிளிஃப்ட். ஒனக்கு வேர்த்துக் கொட்டுது."

"நீ இறங்கு" என்றான் அவன், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி. "நான் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன். பழகணும்ல."