கடல் முயலுக்குச் சாப்பாடு

பாலகுமாருக்கு மீன் பிடிக்காது. வறுத்து வைத்தால் சாப்பிடுவான், அவ்வளவுதான். ஆனால் கம்பெனியின் வைஸ் பிரசிடெண்ட் இராஜமாணிக்கம் வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட மறுமாதமே, வைட்ஃபீல்ட் ஃப்ளாட்டின் ஹாலில் சோபா கிடந்த இடத்தில் முந்நூற்றைம்பது லிட்டர் உப்புத் தண்ணீரும், உயிருள்ள பவளங்களும், இரண்டு ஆரஞ்சு மீன்களும் வந்து உட்கார்ந்தன. சோபா பால்கனிக்குப் போனது. அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் அவனுடைய அப்பா கோவிந்தராஜனும் கூடவே பால்கனிக்குப் போனார்.

அது 2006. மினியாபோலிஸ் ஆபீசுக்கு ஒரே ஒரு மேனேஜரை அனுப்பப் போகிறார்கள் என்று கேன்டீன் வரைக்கும் பேச்சு. ஆளைப் பொறுக்குகிறவர் இராஜமாணிக்கம். ஜூனில் ஒரு நாள் லிஃப்டில் அவர் பாலகுமாரைப் பார்த்து, "உன் வீட்லயும் ரீஃப் டேங்க் இருக்காமே? ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். பார்க்கணும்" என்றார். நான்காவது மாடியில் இறங்க வேண்டிய பாலகுமார் எட்டாவது வரைக்கும் போய்விட்டு வந்தான்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் சொன்னான். மனைவி வித்யாலட்சுமி, "வந்தா வடை போடணுமா?" என்று கேட்டாள். அப்பா இடது கையால் நெற்றியைத் தொட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் பாறைமேல் பச்சையாக ஏதோ தெரிந்தது. அதற்கடுத்த வாரம் பவளங்களுக்கெல்லாம் முடி முளைத்துவிட்டது. முடிப்பாசி என்றான் ஆம்ப்ரோஸ்.

ஆம்ப்ரோஸ் ஒக்கலிபுரத்து ஆள். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் இரண்டு வாளியோடு வந்து தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டுப் போவான். ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் பாறையைத் தேய்த்தான். விளக்கு எரியும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தான். மீன்களுக்குச் சாப்பாட்டையும் குறைத்தான். பாசிக்கு எதுவும் உறைக்கவில்லை. நான்காவது சனிக்கிழமை பிளாஸ்டிக் பையில், பார்ப்பதற்கு அழுகிய கத்திரிக்காய் போல ஒரு பிராணியைக் கொண்டுவந்தான்.

"கடல் முயல் சார். பாசின்னா இதுக்கு உயிரு. அல்வா மாதிரி தின்னும். ஆனா ஒரு விஷயம். பாசி தீர்ந்த அன்னைக்கே என்னைக் கூப்பிடணும். வேற ஒண்ணும் தின்னாது இது. பட்டினியிலே செத்தா மையைக் கக்கிடும். அப்புறம் டேங்க்ல ஒரு உசுரு மிஞ்சாது."

"தீரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றான் பாலகுமார்.

கடல் முயல் இரவு பகல் பாராமல் மேய்ந்தது. தின்ற இடத்தில் மறுநாளே புல் முளைத்தது. ஆம்ப்ரோஸ் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மருந்தை நாலு சொட்டு விட்டான். தண்ணீர் கருநீலமானது.

"பாஸ்பேட் சார். பாசிக்கு உரம். நான் கொண்டார தண்ணியிலே இது இல்லே, டெஸ்ட் பண்ணிட்டேன். இந்த வீட்லருந்துதான் யாரோ எதையோ தினமும் போடறாங்க."

"என் வீட்ல யாரும் அதைத் தொட மாட்டாங்க. நீதான் தொடறே."

"நான் வாரத்துக்கு ஒருக்கா வரவன் சார்."

"பாசி போயிட்டா உனக்கு இங்க என்ன வேலை? அதனால பாசியை வளர்க்கறே. இனிமே வர வேண்டாம்."

ஆம்ப்ரோஸின் இடத்தில் தான் இருந்தால் அதைத்தான் செய்திருப்போம் என்பதால், பாலகுமாருக்கு இதில் சந்தேகமே எழவில்லை. ஆம்ப்ரோஸ் வாளிகளை எடுத்துக்கொண்டான். வாசலில் செருப்பு மாட்டும்போது, "முயலைப் பார்த்துக்கங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

ஆம்ப்ரோஸ் போன பிறகும் பாசி வளர்ந்தது. இராஜமாணிக்கம் வர இன்னும் நாலு வாரம்கூட இல்லை. பாலகுமார் கம்ப்யூட்டர் மேலிருந்த வெப் கேமராவை இரவெல்லாம் தொட்டியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தான். மறுநாள் பதிவானதை ஆபீசில் ஓட்டிப் பார்த்தான். காலை ஐந்தரை மணி. அப்பா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வருகிறார். டப்பாவைத் திறக்கிறார். விபூதியை ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடி, உதடு அசைய, தொட்டிக்குள் தூவுகிறார். மீன்கள் மேலே வந்து அதைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போகின்றன.

சாம்பல். பாலகுமார் கூகிளில் தேடினான். சாணச் சாம்பலில் பாஸ்பேட் இருந்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து அப்பாவையும் வித்யாலட்சுமியையும் உட்காரச் சொன்னான். பதினோரு ஸ்லைடு. முதலில் 'பிரச்சினை', பிறகு 'பாதிப்பு', பிறகு மேலும் கீழும் போகும் கோடுகள். எட்டாவது ஸ்லைடின் தலைப்பு 'மூல காரணம்'. அதில் கோவிந்தராஜன் ஈர வேட்டியோடு நின்றிருந்தார்.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"அட, நல்லா விழுந்திருக்கேனே."

"அப்பா, அதுல என்ன போடறீங்க?"

"விபூதிடா. அந்தப் பெரியவரு வந்து பார்த்துட்டுப் போறவரைக்கும் மீனுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுல்ல? வர்றவன் போறவன் கண்ணெல்லாம் அது மேலதான். உன் பேரு, நட்சத்திரம் சொல்லித்தான் போடறேன்."

"உங்களாலதான் இவ்ளோ பாசி! என் அமெரிக்காவை நீங்க அள்ளி அள்ளித் தண்ணியிலே கொட்டிருக்கீங்க. முப்பது வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல முத்திரை குத்தின மூளைதானே, வேற என்ன தோணும்?"

"ஏங்க..." என்றாள் வித்யாலட்சுமி.

"நீ பேசாதே. இன்னும் மூணு ஸ்லைடு இருக்கு."

கடைசி ஸ்லைடு 'நடவடிக்கை'. அதில் சொந்த ஊரான ஆரணிக்கு பஸ் கிளம்பும் நேரம் இருந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, "இனிமே போடலடா, இங்கேயே ஒரு ஓரமா இருக்கேனே" என்றார். பாலகுமார் லேப்டாப்பை மூடினான். மறுநாள் காலை வித்யாலட்சுமி அவருடைய வேட்டி, துண்டு, மாத்திரை எல்லாவற்றையும் பையில் வைத்தாள். "ஒண்ணு விடாம எடுத்து வை" என்று பாலகுமார் இரண்டு முறை சொன்னான்.

ஆம்ப்ரோஸ் மேல் தப்பில்லை என்பது இதில் தெரிந்துபோயிற்று. ஆனால் அனுப்பிய ஆளைத் திரும்பக் கூப்பிடுவது மேனேஜருக்கு அழகில்லை.

உரம் நின்றது. கடல் முயல் வரிசை வரிசையாக மொட்டையடித்துக்கொண்டே போனது. மூன்றே வாரத்தில் பாறைகள் பளிச்சென்று இளஞ்சிவப்பாகின. பவளங்கள் விரிந்தன. பாலகுமார் போட்டோ எடுத்து ஆபீசில் எல்லோருக்கும் மெயில் அனுப்பினான். முயல் மட்டும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. கத்திரிக்காய் அளவு இருந்தது கோவைக்காய் அளவாகியிருந்தது. "டயட்ல இருக்கு" என்று பாலகுமார் சிரித்தான்.

"பசிக்குதோ என்னமோ. அந்த ஆம்ப்ரோஸ் ஏதோ சொன்னாரே" என்றாள் வித்யாலட்சுமி.

"திங்கக்கிழமை பார்த்துக்கலாம். ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் தொட்டி இருந்த இடத்தில் நாவல்பழ ஜூஸ் இருந்தது. முயல் அடியில் மல்லாந்து கிடந்தது. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் மேலே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து மிதந்தன. பவளங்கள் கரைந்து நாறின.

பாலகுமார் ஆம்ப்ரோஸுக்கு போன் போட்டான். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது.

"சர்ச்சுல இருக்கேன் சார். மை வுட்டுடுச்சா?"

"உடனே வா. ஆட்டோல வா."

"எல்லாம் செத்த பிறகு நான் வந்து என்ன சார் பண்றது, ஜெபமா? அதையும் இங்கேயே பண்ணிடறேன், வைங்க."

மணி பத்தே முக்கால். பி.இ. முதல் வகுப்பில் தேறிய பாலகுமார் பூஜை அலமாரியைக் குடைந்தான்.

"அப்பாவோட விபூதி டப்பா எங்கடி?"

"நீங்கதானே ஒண்ணு விடாம எடுத்து வைக்கச் சொன்னீங்க" என்றாள் வித்யாலட்சுமி, வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

பெல் அடித்தது. இராஜமாணிக்கம் உள்ளே வந்தார். மூக்கைச் சுளித்தார். தொட்டிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கடல் முயலா?"

"ஆமா சார்."

"பாசி தீர்ந்ததும் எடுக்கலே. யாரு இதைப் பார்த்துக்கிட்டது?"

பாலகுமார் சமையலறையைப் பார்த்தான். பால்கனியில் காலியாகக் கிடந்த சோபாவைப் பார்த்தான்.

"எங்கப்பா சார்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"எங்க அவரு?"

"ஊருக்கு அனுப்பிட்டேன் சார். அதுக்கு முன்னாடி டேங்க் சர்வீஸ் ஆளையும் நிறுத்திட்டேன்."

இராஜமாணிக்கம் மெதுவாகத் திரும்பினார். லிஃப்டில் எத்தனையோ முறை பார்த்தவனை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"சொந்த அப்பாவையா?"

"ஸ்லைடு போட்டுக் காட்டித்தான் சார் அனுப்பினேன்."

"அழுதாரா?"

"நல்லா விழுந்திருக்கேன்னாரு சார்."

இராஜமாணிக்கம் உட்கார்ந்து ஒரு வடையைச் சட்னியில் தோய்த்தார். "மினியாபோலிஸ்ல முப்பத்தெட்டு பேர் இருக்காங்க. கிறிஸ்துமஸுக்குள்ள அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். ரெண்டு பேரைக் கேட்டுப் பார்த்தேன். மனசு வரல சார்னுட்டாங்க. உனக்கு வரும்." இன்னொரு வடையை எடுத்தார். "மீன் போகட்டும். எந்தக் கழுதை வேணாலும் மீன் வளர்க்கும்."

சாயந்திரம் பாலகுமார் ஆரணிக்கு போன் செய்தான். பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டுவர ஐந்து நிமிஷமாயிற்று. வித்யாலட்சுமி ஊதாத் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு பாத்ரூமில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கெடைச்சிடுச்சாடா? நான்தான் சொன்னேனே! இங்கேயும் ஒரு நாள்கூட விடலே, உன் பேரைச் சொல்லிட்டுத்தான் நெத்தியிலே இட்டுக்கறேன். மீனெல்லாம் எப்படியிருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

"பாசி?"

"போயிடுச்சுப்பா."

"ஒரு பொட்டலம் விபூதி அனுப்பறேன், கையோட எடுத்துட்டுப் போ. அந்த ஆபீசுலே எத்தினி பேரு?"

"முப்பத்தெட்டு."

"ஒவ்வொருத்தர் மேசையிலேயும் ஒரு சிட்டிகை வச்சிடு. உன்னை நம்பி இருக்கிறவங்க. யாருக்கும் ஒரு கொறையும் வராது."

"அனுப்புங்கப்பா" என்றான் பாலகுமார்.