கதவிடுக்கில் வெல்வெட்

ஜூலை பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து ஒரு முழம் மேலேறி நின்றது. மூடிய வெளிக்கதவின் இடுக்கிலிருந்து ஊதா நிற வெல்வெட் துணி ஒரு கை நீளத்துக்கு வெளியே தொங்கியது.

துணிக்குச் சொந்தக்காரர் லிஃப்டுக்குள் இருந்தார். டைல்ஸ் கடை விற்பனையாளர். வாரம் முழுக்கக் கடையில் கொடுத்த சாம்பல் நிற அரைக்கைச் சட்டையில் இருப்பவர், ஞாயிறு மட்டும் மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்கு அங்கி அணிந்து வருவார். தோளிலிருந்து கணுக்கால் வரை விழும் அங்கி. கையில்லை, பொத்தானில்லை, பையில்லை. கழுத்தில் ஒரு பித்தளைக் கொக்கி, உள்ளே சிவப்பு சாட்டின். அதைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்ட முடியாது, சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அதனால் ஆட்டோவில் வருவார். சாப்பிடும்போது இரண்டு முனைகளையும் சுருட்டி மடியில் குழந்தையைப்போல் வைத்துக்கொள்வார். வேர்த்துக் கொட்டும். கழற்ற மாட்டார்.

அந்த லிஃப்டைப் பராமரிக்கும் மெக்கானிக் அப்போது ஐந்தாவது மாடியில், அதே மாமியார் வீட்டில் இருந்தான். அக்காவை விற்பனையாளரும் தங்கையை மெக்கானிக்கும் கட்டியிருந்தார்கள். சகலைகள்.

அங்கி முதன்முதலாக அந்த வீட்டுக்குள் நுழைந்த நாளிலேயே மெக்கானிக் அதற்கு ஒரு பெயர் வைத்தான்.

"வாங்க திரைச்சீலை! ஜன்னல் எங்க, வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"கரெக்டா கண்டுபிடிச்சீங்களே சகலை!" என்றார் விற்பனையாளர், மகிழ்ச்சியோடு. "பழைய தியேட்டரை இடிச்சப்போ வாங்கின திரை. ரெண்டு அங்கிக்குத் துணி மிச்சம் இருக்கு."

கேலி அங்கேயே செத்தது. மெக்கானிக்கின் மனைவி கிட்டே வந்து சாட்டினைத் தொட்டுப் பார்த்தாள். "அத்தான் உள்ள வந்ததும் வீட்டுக்கே ஒரு களை வந்துடுச்சு இல்ல?" என்றாள்.

மெக்கானிக்குக்கு அது சுருக்கென்று தைத்தது. அவனுடைய களையெல்லாம் பைகளில் இருந்தது. கால்சட்டையில் முன்னால், பின்னால், தொடையில், முழங்காலுக்குப் பக்கத்தில் என்று சொல்லித் தைத்த பைகள். டெஸ்டர், டார்ச், டேப், ஊக்கு, நகவெட்டி. ஏதாவது வேண்டுமென்றால் மனைவி கேட்கக்கூட மாட்டாள். பேசிக்கொண்டே வந்து அவன் பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போவாள். அதையே இத்தனை வருடமாக அவன் பாசம் என்று எண்ணியிருந்தான். பாசம்தான். ஆனால் சாட்டினைத் தொட்டபோது அவள் கண்ணில் தெரிந்தது வேறு. அலமாரியில் கைவிடும்போது யாருக்கும் கண் அப்படி விரிவதில்லை.

விபத்துக்கு முந்தைய ஞாயிறு, மாமியார் வீட்டில் விற்பனையாளர் குளிக்கப் போயிருந்தார். அங்கி படுக்கையறை நாற்காலியில் கிடந்தது. மெக்கானிக் கதவைச் சாத்திவிட்டு அதை எடுத்துத் தோளில் போட்டான். நினைத்ததைவிடக் கனம். கண்ணாடிக்கு முன்னால் ஒருமுறை திரும்பினான். அவன் நின்ற பிறகும் துணி நிற்கவில்லை. சிவப்பைக் காட்டிக்கொண்டு மெதுவாகச் சுற்றி வந்து காலில் சேர்ந்தது. தனக்குப் பின்னால் ஒரு கூட்டமே வந்து நிற்பதுபோல் இருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. இன்னொரு முறை திரும்பினான்.

துண்டு எடுக்க வந்த மனைவி கதவைத் திறந்தாள்.

"ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏங்க, பாக்கெட்டே இல்லையே! டெஸ்டரை எங்க சொருகுவீங்க?"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அதோடு விடவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரிடமும் சொன்னாள். மாமியார் சிரித்தார், அக்கா சிரித்தாள். விற்பனையாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? நல்லாத்தான் இருந்திருக்கும். சகலைக்கு நல்ல தோள்."

சிரித்தவர்களை மெக்கானிக் இரண்டு நாளில் மன்னித்துவிட்டான். இதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை.

பதினொன்றாம் தேதி அவனுடைய கைபேசி அடித்தது.

"சகலை, சாப்பிட உட்கார்ந்துட்டீங்களா?"

"இல்ல. நீங்க எங்க?"

"உங்க லிஃப்ட்லதான். மண்டி போட்டிருக்கேன். அங்கி நுனி கதவுல மாட்டிக்கிச்சு, ஏற ஏற என்னைக் கீழ இழுத்துருச்சு."

"கொக்கியைக் கழட்டுங்க!"

"கழட்டினா தரையில விழுமே. இப்பத்தான் யாரோ ஐஸ்கிரீம் கொட்டியிருக்காங்க."

மெக்கானிக் கருவிப் பையோடு படியிறங்கினான். மனைவியும் பின்னாலேயே ஓடி வந்தாள். அந்த லிஃப்டின் கதவு, நடுவே கை வைத்தால் உடனே விலகிவிடும். துணி நுனி அதற்குத் தெரியாது. துணியின் இழுப்பில் வெளிக்கதவு லேசாக அசைந்ததும் லிஃப்ட் தானாக நின்றிருந்தது. மெக்கானிக் முதலில் மின்சாரத்தை நிறுத்தினான். இனி லிஃப்ட் ஏறாது, இறங்காது. ஆபத்து அத்தோடு முடிந்தது.

பிறகு கதவுக்கு முன்னால் குந்தி, தொங்கிய வெல்வெட்டைக் கையில் பிடித்துப் பார்த்தான்.

"அத்தான், கழுத்து வலிக்குதா?" என்று மனைவி கதவோடு வாயை வைத்துக் கேட்டாள்.

"கழுத்து கிடக்குதும்மா. துணி கிழிஞ்சிருக்கா பாரு."

"கிழியல, கிழியல. பத்திரமா இருக்கு."

அவள் குரலில் இருந்த நிம்மதியை மெக்கானிக் கேட்டான். தொடைப் பையிலிருந்து கட்டரை எடுத்தான்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"வெட்டணும்."

"சகலை!" உள்ளேயிருந்து குரல் உயர்ந்தது. "அவசரமே இல்ல. நான் எவ்வளவு நேரம் வேணும்னாலும் இப்படியே இருக்கேன். வேற வழி பாருங்க."

"கழுத்துல மாட்டின துணி, விளையாட்டில்ல. வேற வழி இல்ல."

பிளேடு புதிது. வெல்வெட் சத்தமில்லாமல் பிரிந்தது. வெட்டிய துண்டு அவன் காலடியில் விழுந்தது.

கட்டரை மடக்கி வைத்துவிட்டு, மார்புப் பையிலிருந்து முக்கோணச் சாவியை எடுத்தான். கதவின் மேல்மூலையில் இருந்த துளையில் விட்டு ஒரு திருப்பு திருப்பினான். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. இடுக்கில் மிச்சமிருந்த துணி, பிடிப்பார் இல்லாமல், அப்படியே நழுவி விழுந்தது.

மனைவி சாவியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். தரையில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

"இதை முதல்ல செஞ்சிருக்கலாம்ல?"

"பதட்டத்துல..."

"உங்களுக்கா? பதட்டமா?"

விற்பனையாளர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார். அங்கியின் பின்பக்கம் ஒரு மூலை இல்லாமல் தொங்கியது. "பரவாயில்ல சகலை, உயிர் முக்கியம்" என்றார். அவர் அதை நம்பியே சொன்னார். மனைவி குனிந்து துண்டை எடுத்து, உதறி, நான்காக மடித்துத் தன் இடுப்போடு வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் விற்பனையாளர் அங்கியையும் மிச்சத் திரையையும் மெக்கானிக்கின் மனைவியிடம் தைக்கக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

"முழங்காலோட வெட்டிடட்டுமா அத்தான்? பைக் ஓட்டலாம்."

"அதுக்குக் கோட்டே வாங்கிக்கலாமேம்மா."

"அதானே!" என்று அவள் சிரித்தாள். "ஒட்டு தெரியாம இருக்கணும்னா நீளம் கூட்டணும். தரையில புரளும், பரவாயில்லையா?"

"புரளட்டும்."

தைத்து முடியும்வரை அங்கி கட்டில் முழுக்க விரிந்து கிடந்தது. மெக்கானிக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தான். ஊசியோ கத்தரியோ வேண்டியபோது மனைவி எழுந்து அலமாரியில் தேடி எடுத்தாள்.

அங்கி இப்போது முன்பைவிட ஒரு சாண் நீளம். விற்பனையாளர் லிஃப்டில் ஏறுவதில்லை. ஐந்து மாடியும் படியில் ஏறுகிறார். படியில் அழுக்குப் படாமல் நுனியை மெக்கானிக்கின் மனைவி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறாள். அக்காவுக்கு மூட்டு வலி என்பதால் அவளும் மெக்கானிக்கும் லிஃப்டில் போகிறார்கள். லிஃப்ட் அதன் பிறகு ஒருமுறையும் நிற்கவில்லை.