எதிர்ப்பக்கம் மாட்டிய ஸ்பிரிங்

லோஷினிக்கு நான் தர வேண்டியிருந்தது ஆயிரத்து அறுநூற்று நாற்பது வெள்ளிக் கடன். என் மனைவி ராசம்மாவுக்குப் பல் செட் கட்டக் கொடுத்தது. நான் கேட்கவில்லை. வீட்டில் அவள் கஞ்சிதான் குடிக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் லோஷினி ஒரு கவரை நீட்டினாள். என் மகள் வயதுப் பெண். அதன்பிறகு காசைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தல். ராசம்மா முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஜொகூர் பாரு பக்கம் செனாயில் எங்கள் ஒர்க்‌ஷாப். சின்ன விமானங்களுக்கு ரோட்டரி இஞ்சின் செய்கிறோம். இதில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வராது. முக்கோண இரும்பு ஒன்று உள்ளே சுழலும். அதற்குக் காற்று எவ்வளவு போகவேண்டும், பெட்ரோல் எவ்வளவு பீச்சவேண்டும் என்று வடிவமைப்பது லோஷினி. காற்றை விடுகிற மூடிதான் த்ரோட்டல். நான் கழுவுகிறவன், துடைக்கிறவன், போல்ட்டு முடுக்குகிறவன். அதற்கு முன் ரெங்கத்து ரப்பர்த் தோட்டத்தில் புல்வெட்டி மெஷினும் மோட்டார் சைக்கிளும் பழுது பார்த்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. இஞ்சினைப் பார்த்து வாங்க சிங்கப்பூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் லோஷினியின் கான்ட்ராக்ட் நீளும். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி. பாஸ் அக்பர் தொழுகைக்குப் போயிருந்தார். லோஷினி அவர்களை அழைத்துவர ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தாள். நான் தனியாக இஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. த்ரோட்டல் ஸ்பிரிங் மூடியைத் திறக்கிற பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குத் திக்கென்றது. நான் தொட்ட எந்த மெஷினிலும் ஸ்பிரிங் மூடுகிற பக்கம்தான் இழுக்கும். லீவரிலிருந்து வரும் கேபிள் அறுந்தால் மெஷின் அடங்கவேண்டும், ஆளை இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது. பிள்ளை அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் வரைந்த படம் சுவரிலேயே ஒட்டியிருந்தது. எழுத்தே நாற்பது வயதுக்கு மேல் படித்தவன் நான். படத்தைப் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

போன் செய்து கேட்டிருக்கலாம். போனைக் கையில் எடுக்கவும் செய்தேன். ஆனால் காசு வாங்கினவன், கொடுத்தவளிடம் நீ தப்பாகச் செய்திருக்கிறாய் என்று எப்படிச் சொல்வது? காரில் அந்த ஆட்கள் வேறு இருப்பார்கள். சத்தமில்லாமல் சரிசெய்து வைத்தால் வட்டியாவது கொடுத்த மாதிரி இருக்கும். பிளையரால் கொக்கியைக் கழற்றி மறுபக்கம் மாட்டினேன். கொஞ்சம் கிரீஸும் தடவினேன். அன்றைக்கு மதியம் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், தனி ருசியாக இருந்தது.

தொழுகை முடிந்து அக்பரும் திரும்பிவிட்டார். அவர்கள் வந்ததும் இஞ்சின் உடனே கிளம்பியது. அதன் கேபிள் கெட்டியான கம்பி. இழுக்கவும் செய்யும், தள்ளவும் செய்யும். அதனால் லீவரை லோஷினி எப்படி நகர்த்தினாலும் இஞ்சின் சொன்னபடி கேட்டது. வந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் ஓரமாக நின்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

லோஷினி அவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ விளக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், இப்பப் பாருங்க. கேபிளக் கழட்டப் போறேன். மேல பறக்கும்போது இது அறுந்தா இஞ்சின் நிக்கவே கூடாது. ஸ்பிரிங் தானா ஃபுல்லாத் திறந்துடும். அப்பத்தான் பைலட் எறங்க எடம் தேடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் கேபிளைப் பிடித்திருந்த பின்னை உருவிவிட்டாள். இஞ்சின் ஒரு முனகல் முனகி அடங்கிப்போனது.

"அலமாக்!" என்றார் அக்பர்.

லோஷினி குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தாள். கிரீஸைத் தொட்டுப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டுவதற்கு முன் செக் பண்ணாதது தன் தப்பு என்று அவர்களிடம் சொன்னாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும்.

பிறகு சொல்கிறோம் என்று அவர்கள் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அக்பர் கத்தத் தொடங்கினார். "ஒரு ஸ்பிரிங், லோஷினி! வருசம் பூரா இதத்தானே செஞ்சே? இனிமே நான் என்ன சொல்லி ஒன்ன வச்சுக்கிறது?"

நான் தொட்டிக்கு முன்னால் நின்று, கழுவி முடித்த தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் கத்தி முடித்த பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது.

"பாஸ், அத மாத்தி மாட்டுனது நான்தான்."

"தங்கராஜு, நீங்களா?" அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர்களுக்குப் போன் போட்டு விவரம் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வைத்தார். "கண்டவன் கை வைக்கிற எடத்துல இஞ்சின் வாங்க மாட்டாங்களாம். இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம் லா."

லோஷினி ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் பிளையரை நீட்டினேன். அவள் தன் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா என் பேரச் சொல்லல?"

"சொன்னா மட்டும்? செக் பண்ண வேண்டியவ நான்தானே. கிரீஸப் பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு, இங்க வேற யாரு தடவுவா? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல அங்கிள்?"

"ஒன்கிட்ட காசு வாங்கியிருக்கேன்மா. எந்த வாயால ஒன்னக் குத்தம் சொல்றது?"

அவள் கை நின்றது. "அப்ப என் காசுதான் ஒங்க வாய அடைச்சிருக்கு."

நீட்டிய பிளையரைக் கீழே வைத்தேன்.

"அந்தக் காசு வேணாம். இன்னியோட முடிஞ்சிருச்சு."

"இல்லம்மா, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா..."

"வேணாங்கிறேன்ல அங்கிள்!"

அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. சரி என்று தலையாட்டினேன். கடன் அதோடு தீர்ந்தது.