கரண்டி கலக்கிய மாவு

ராமாமணியின் கையில் ராசி இருக்கிறது என்று ஆர்.எஸ்.புரத்தில் அவள் வீதி முழுக்க ஒரு நம்பிக்கை. மார்கழிக் குளிரில் ஊரார் வீட்டு இட்லி மாவெல்லாம் அசையாமல் கிடக்க, அவள் கைவிட்டுக் கலக்கிய மாவு மட்டும் பொங்கி நிற்கும். எதிர்வீட்டு சாஜிதா பேகம்கூடக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏனுங்கக்கா, ஒரு கை உட்டுக் குடுங்க" என்று நிற்பாள். வேறு எதற்கும் ராமாமணியை யாரும் தேடி வந்ததில்லை.

மருமகள் பூஜிதா கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள். ஒரு சாயங்காலம், மாவு வழித்துக்கொண்டிருந்த மாமியாரிடம், "மாவைப் பொங்க வெக்கிற பாக்டீரியா உளுந்துலயே ஒட்டிட்டு வருதுங்க அத்தை. கைதான் வேணும்னு இல்லீங்க" என்றாள். சும்மா இருந்திருக்கலாம். மாமனார் பாலகோபாலுக்கு வேடிக்கை பார்க்க ஒரு சாக்கு போதும். "அப்ப ரெண்டு பாத்திரத்துல வெச்சுப் பாத்துப்போடலாம்" என்றார்.

ஒரே மாவு, ஒரே அளவு, ஒரே மாதிரி எவர்சில்வர் பாத்திரம் இரண்டு. ஒன்றில் ராமாமணி உப்புப் போட்டுக் கைவிட்டுக் கலக்கினாள். மற்றதில் பூஜிதா அதே அளவு உப்புப் போட்டுக் கரண்டியால் கலக்கினாள்.

விடிந்ததும் ராமாமணிதான் முதலில் எழுந்தாள். இரண்டு மூடிகளையும் திறந்தாள். இரண்டும் பொங்கியிருந்தன. உண்மையைச் சொன்னால், கரண்டி மாவு ஒரு விரற்கடை கூடுதலாகவே ஏறியிருந்தது. முப்பது வருஷமாக எடுத்த பெயர். கரண்டியை எடுத்து மருமகளின் பாத்திரத்தில் நாலு சுற்று சுற்றினாள். மாவு அமுங்கிவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. மூடியை வைத்துவிட்டுக் காபிக்குப் பாலை ஏற்றினாள்.

பாலகோபால் வந்து பார்த்து, "தோத்துப்போட்டியே அம்மணி" என்று மருமகளைச் சீண்டிவிட்டுப் பேப்பரோடு கூடத்துக்குப் போனார். பூஜிதா தன் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அமுங்கிய மாவுக்கு இரண்டு விரற்கடை மேலே, உட்புறம் சுற்றிலும், மாவு ஏறி நின்ற தடம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ராமாமணி அதை யோசிக்கவே இல்லை.

பூஜிதா ஈரத்துணியை எடுத்துத் தடத்தைத் துடைக்கத் தொடங்கினாள். "உங்க கைக்கு ராசி இருக்குதுங்க அத்தை" என்றாள், கூடத்துக்கும் கேட்கும்படி.

பாதித் தடம் மிச்சமிருக்கும்போது ராமாமணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடைக்காத கண்ணு."

பிறகு கூடத்தைப் பார்த்து அவளே குரல் கொடுத்தாள். "ஏனுங்க, பேப்பரை வெச்சுப்போட்டு இங்க வந்து இதைப் பாருங்க."